குடியிருப்புப் பகுதியில் பூங்கா அமைக்க நிதி பெறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் எந்த ஊரின் புறநகருக்குப் போனாலும் இப்படி ஒரு இடம் கண்ணில் படும். நாலு பக்கமும் வீடுகள் வந்துவிட்டன, தார்ச்சாலை வந்துவிட்டது, தெருவிளக்கு எரிகிறது. நடுவில் மட்டும் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பெரிய மனை. வீடு கட்டியவர்கள் மிச்சக் கல்லையும் டைல்ஸ் உடைசலையும் அங்கேதான் கொட்டியிருப்பார்கள். லேஅவுட் வரைபடத்தில் அது பூங்கா. கோவைப் பக்கம் ரிசர்வ் சைட் என்பார்கள், சென்னையில் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் என்பார்கள். அந்த இடத்தைப் பூங்காவாக்கப் பணம் எங்கே, எப்படிக் கேட்பது என்று குடியிருப்போர் நலச் சங்கத்தினர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன.

நிதி கேட்க முதலில் யாரைப் பார்க்க வேண்டும்? கவுன்சிலரா, எம்.எல்.ஏ.வா, ஆணையரா?

முதலில் யாரையும் பார்க்க வேண்டாம். இடத்தின் காகிதங்களைச் சேருங்கள். நீங்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் வரும் முதல் கேள்வி "இடம் யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். மாநகராட்சிப் பொறியாளரும் அதைத்தான் கேட்பார், எம்.எல்.ஏ.வின் உதவியாளரும் அதைத்தான் கேட்பார், சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பணம் தரும் கம்பெனியும் அதைத்தான் கேட்கும். அதற்குக் காகிதத்தோடு பதில் சொல்ல முடிந்தால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும். முடியாவிட்டால், "பார்க்கலாம் சார்" என்பதோடு அன்றைய சந்திப்பு முடிந்துவிடும். பூங்காக் கனவுகள் பல இங்கேதான் நிற்கின்றன, பணம் இல்லாமல் அல்ல.

இரண்டாவதாக எல்லோரும் கேட்பது, "கட்டின பிறகு யார் பாத்துப்பாங்க?" இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிற சங்கத்துக்கு நிதி கிடைப்பது அவ்வளவு கடினமில்லை.

அது உண்மையிலேயே பூங்கா இடம்தானா என்று எப்படி உறுதி செய்வது?

அனுமதி பெற்ற லேஅவுட் என்றால் அதற்கு ஒரு எண் இருக்கும். சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எண், மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) எண். உங்கள் வீட்டுப் பத்திரத்திலேயே அந்த எண் எழுதியிருக்கும். அதை வைத்து அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்குங்கள். அதில் பூங்கா என்று குறித்த மனையின் நீள அகலங்களும் இருக்கும்.

இது மனை விற்றவர் பெரிய மனது பண்ணி விட்டுவைத்த இடம் அல்ல. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் லேஅவுட் போட்டால், சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு மனையின் விலையிலும் அந்த 10 சதவீதத்தின் விலை சேர்ந்தேதான் இருந்திருக்கும். ஆகவே அந்த இடத்தை நீங்கள் இரவலாகக் கேட்கவில்லை.

வரைபடம் கிடைத்ததும் அந்தத் தானப் பத்திரம் உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் தெரிந்துவிடும். பட்டா, நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேடு, இவை இணையத்திலேயே கிடைக்கின்றன. உரிமையாளர் இடத்தில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி என்று இருந்தால் நல்லது. புலப்பட (நிலத்தின் அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடம்) நகலையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அளக்கும்போது தேவைப்படும்.

அலுவலகத்தில் நகல் தரத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள். "இன்ன எண் லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தின் தானப் பத்திர நகல், பூங்கா இடங்களின் பதிவேட்டில் அதன் பதிவு" என்று கேட்டால் போதும்.

தானப் பத்திரமே எழுதப்படவில்லை, அல்லது பாதி இடத்தை ஒருவர் வேலி போட்டுவிட்டார். என்ன செய்வது?

பழைய லேஅவுட்களில் இது நிறைய நடந்திருக்கிறது. வரைபடத்தில் பூங்கா, பட்டாவில் இன்னும் பழைய நில உரிமையாளர் பெயர். சில இடங்களில் அந்தப் பூங்காவையே மனையாகப் பிரித்து விற்றும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில் நிதி கேட்காதீர்கள், இடத்தை மீட்கக் கேளுங்கள். ஆணையருக்கும் நகர் ஊரமைப்புப் பிரிவுக்கும் வரைபட நகலோடு மனுக் கொடுத்து மூன்று விஷயங்களைக் கோருங்கள்: சர்வேயர் அளந்து எல்லைக்கல் நட வேண்டும், பட்டாவை உள்ளாட்சியின் பெயருக்கு மாற்ற வேண்டும், "இது பொதுப் பூங்கா இடம்" என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் இதே மனுவைக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அங்கே குடியிருந்தவர்களே வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய இடம் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும், குடியிருப்பவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. மனுவில் இதை ஒரு வரியில் குறிப்பிடலாம்.

ஆக்கிரமித்தவர் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவரோடு நீங்கள் நேரில் மோத வேண்டாம். அளந்து கல் நடுவது அரசின் வேலை, அதைச் செய்ய வைப்பதுதான் சங்கத்தின் வேலை.

சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டுமா?

மனுக் கொடுக்கப் பதிவு தேவையில்லை. பணம் வசூலிக்க, ஒப்பந்தம் போட, பராமரிப்புப் பொறுப்பை ஏற்கத் தேவை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் குறைந்தது 7 பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். பான் அட்டை, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு, ஆண்டுக் கணக்குத் தணிக்கை, பொதுக்குழு நடவடிக்கைப் புத்தகம் இவ்வளவும் இருந்தால் போதும். "பூங்கா அமைக்க நடவடிக்கை எடுப்பது" என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, வந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தத் தீர்மான நகல் எல்லா மனுக்களோடும் போகும்.

எவ்வளவு கேட்பது? திட்டமதிப்பீடு யார் போடுவார்கள்?

அதிகாரபூர்வ எஸ்டிமேட்டை உங்கள் வார்டின் உதவிப் பொறியாளர் அல்லது இளநிலைப் பொறியாளர்தான் போடுவார். பொதுப்பணித்துறை விலைப்பட்டியலை வைத்துப் போட்டு, மேலே ஜி.எஸ்.டி.யும் சேர்ப்பார். தெரிந்த கான்ட்ராக்டரிடம் வாங்கின கொட்டேஷன் உங்கள் புரிதலுக்குத்தான் உதவும், கோப்பில் ஏறாது. ஆனால் என்னென்ன வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கமான நாலு ஊஞ்சல், ஒரு சறுக்கு, செயற்கை நீரூற்று என்று ஒரு பட்டியல் வந்துவிடும். செயற்கை நீரூற்று வேண்டவே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் கொசு வளரும், மோட்டார் பழுதானால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். 5 ஏக்கர் லேஅவுட் என்று வையுங்கள். சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால் மீதி மூன்றரை. அதில் 10 சதவீதம் என்றால் 35 சென்ட், ஏறத்தாழ 15,200 சதுர அடி. இடம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 123 அடி வரும். சுற்றுச்சுவரை ஒட்டி மரம் வைக்க ஒரு வரிசை விட்டு, அதற்கு உள்ளே 6 அடி அகலத்தில் நடைபாதை போட்டால் ஒரு சுற்று சுமார் 430 அடி, 130 மீட்டர். எட்டுச் சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். நடைபாதைக்கு வேண்டிய பரப்பு 2,600 சதுர அடிக்குப் பக்கம். டேப்பைப் பிடித்து அளந்து, இப்படி ஒரு கையால் வரைந்த படத்தோடு பொறியாளரைப் பாருங்கள். அவர் வேலை பாதியாகிவிடும், உங்கள் கோப்பும் மற்ற கோப்புகளுக்கு முன்னால் நகரும்.

வேலையை மூன்று கட்டமாகப் பிரித்துக் கேட்பது நல்லது. முதல் கட்டத்தில் புதர் அகற்றல், சுற்றுச்சுவர் அல்லது கம்பிவேலி, கேட், ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு. அடுத்து நடைபாதை, விளக்கு, பெஞ்சு, மரங்கள். விளையாட்டுச் சாதனங்களும் உடற்பயிற்சிக் கருவிகளும் கடைசியில் வரட்டும். முதல் கட்டம் முடிந்தாலே குப்பை கொட்டுவது நின்றுவிடும், அப்புறம் ஆக்கிரமிக்கவும் தயங்குவார்கள்.

விளக்கில் மட்டும் சமரசம் வேண்டாம். பெண்கள் விடியற்காலையிலும் இரவு எட்டு மணிக்கும் பயமில்லாமல் நடக்க முடியாத பூங்கா பாதிப் பேருக்கு இல்லாத பூங்கா. அதேபோல் கேட்டில் படிக்குப் பதில் சாய்தளம் இருந்தால்தான் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் உள்ளே வரும்.

மரமும் மழைநீரும் எஸ்டிமேட்டில் வருமா?

கேட்டால் வரும். தாழ்வான இடமாக இருந்தால் நடுவில் ஒரு பள்ளமான புல்வெளியும் உறிஞ்சுகுழிகளும் கேளுங்கள். சென்னை மாநகராட்சி இப்படி மழைநீரை உள்வாங்கும் ஸ்பாஞ்ச் பூங்காக்களை அமைத்திருக்கிறது. மழைநீர்த் தேக்கம் தீரும் என்று சொன்னால் பூங்காவுக்குக் கிடைக்காத கவனம்கூடக் கிடைக்கும்.

மரத்தில் வேம்பு, புங்கன், மகிழம், பூவரசு, நாவல், சரக்கொன்றை போன்றவை நம் மண்ணுக்கும் காற்றுக்கும் பழகியவை. சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்று கோனோகார்ப்பஸ் வைக்கச் சொல்வார்கள், விடாதீர்கள். தமிழ்நாடு அரசே அதற்குத் தடை விதித்திருக்கிறது.

"நமக்கு நாமே திட்டம்" என்பது என்ன? எங்களுக்கு ஒத்துவருமா?

பெரும்பாலான குடியிருப்புகளுக்கு மிகவும் ஒத்துவரும் வழி இதுதான். 1997-98-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம், இடையில் நின்று 2021-22-இல் மறுபடி கொண்டுவரப்பட்டது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். பூங்கா மாதிரியான வேலைக்கு மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு.

எஸ்டிமேட் 15 லட்சம் என்றால் நீங்கள் 5 லட்சம் கட்ட வேண்டும். 80 வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 6,250 ரூபாய். ஒரே தடவையில் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஐந்து மாதத் தவணையாகக் கேட்டால் மாதம் 1,250. உள்ளூர்த் தொழிலதிபரோ ஒரு நிறுவனமோ மொத்தப் பங்கையும் கட்டினாலும் ஏற்பார்கள்.

நடைமுறை இப்படி: ஆணையரிடம் (பேரூராட்சியில் செயல் அலுவலரிடம்) விருப்பக் கடிதம் கொடுக்க வேண்டும். பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். மக்கள் பங்கை உள்ளாட்சியின் பெயரில் கட்ட வேண்டும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று அப்புறம் போகும். எஸ்டிமேட் கையில் வரும் முன் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டியதும் ரசீதை வாங்கிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள்.

இந்தத் திட்டத்தை நான் முதலில் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கைக்காசு போட்டவர்கள் வேலை நடக்கும்போது வந்து நின்று பார்க்கிறார்கள். சிமென்ட் கலவை சரியில்லை என்று ஓய்வுபெற்ற ஒரு மேஸ்திரி சொன்னால் அதை யாராலும் தட்ட முடியாது.

எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியில் கேட்கலாமா?

கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி. எம்.பி.யிடம் அதிகம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும், பிரித்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. அதனால் சிறிய பூங்காவுக்கு எம்.எல்.ஏ.வை அணுகுவதுதான் எளிது. பலருக்கு நினைவுக்கு வராத ஒரு கதவு மாநிலங்களவை உறுப்பினர். தமிழ்நாட்டிலிருந்து தேர்வானவர் மாநிலத்தின் எந்த ஊருக்கும் பரிந்துரைக்கலாம்.

இவர்கள் யாரும் பணத்தைக் கையில் தர மாட்டார்கள், தரவும் முடியாது. பரிந்துரைக் கடிதம்தான் தருவார்கள். மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்து, உள்ளாட்சி வழியாக வேலை நடக்கும். இடம் அரசு அல்லது உள்ளாட்சியின் பெயரில் இருக்க வேண்டும் என்பதை இங்கே கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

ஒரே வேலைக்கு இரண்டு நிதியில் கேட்டு, இரண்டிலும் ஒப்புதல் வந்து, கடைசியில் தணிக்கைச் சிக்கல் என்று இரண்டுமே நின்றுபோவது உண்டு. அதனால் கட்டம் பிரித்துக் கேளுங்கள். சுவருக்கு ஒரு நிதி, விளையாட்டுச் சாதனத்துக்கு இன்னொன்று.

மாநகராட்சியோ நகராட்சியோ தன் சொந்தப் பணத்தில் செய்யாதா?

செய்யும், செய்ய வேண்டியதும் அதுதான். பொது நிதி, மத்திய நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத் என்று பல கணக்குகளில் பூங்கா வேலைகள் நடக்கின்றன. 2015-இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பூங்காக்களுக்கு மொத்தத் திட்டச் செலவில் 2.5 சதவீதம் வரை ஒதுக்கலாம் என்று இருந்தது. மக்கள் பங்கேற்போடு பராமரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது.

எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்பது அவர்கள் பாடு. பூங்கா வார்டின் தேவைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பாடு. இப்போது நகரங்களில் வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபாவும் இருக்கின்றன. பகுதி சபாக் கூட்டத்துக்குப் பத்து பேர் போய், பூங்காக் கோரிக்கையை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கவுன்சிலருக்கும் அது பலம். மன்றத்தில் எழுந்து பேசும்போது கையில் ஒரு தீர்மானம் இருக்கும். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும், ஆகவே கோரிக்கை தீபாவளியை ஒட்டியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம் கிடைக்குமா?

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-ஆவது பிரிவின்படி, 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அந்தச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊரில் பெரிய ஆலையோ ஐ.டி. நிறுவனமோ இருந்தால் அங்கே கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில்தான். சாதாரண குடியிருப்போர் சங்கத்தின் கணக்குக்கு அந்தப் பணம் வராது. சி.எஸ்.ஆர். பணியை நடத்தும் அறக்கட்டளையோ சங்கமோ 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சட்டப் பதிவுகள் வைத்திருக்க வேண்டும், சி.எஸ்.ஆர்.-1 படிவத்திலும் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் சங்கம் இதற்கெல்லாம் அலைவதைவிட, அந்தப் பதிவுகள் உள்ள ஒரு நல்ல தொண்டு நிறுவனத்தை நடுவில் வைத்துக்கொள்வது சுலபம். அல்லது கம்பெனியே மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு நேரடியாகச் செய்யலாம். எப்படியானாலும் உள்ளாட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கம்பெனி ஒரு செங்கல்கூட வைக்காது.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். "எங்கள் பெயரை நாலு பக்கமும் பெரிதாகப் போட வேண்டும்" என்று கம்பெனி கேட்டால், விளம்பர லாபத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று விதியே இருக்கிறது. அளவான ஒரு பெயர்ப்பலகை போதும். சுற்றுச்சுவர் முழுக்க விளம்பரம் என்று ஒத்துக்கொண்டால், அதை அழிக்க நீங்கள் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வீடு வசூல் எப்படிச் செய்வது? வெளிநாட்டில் இருக்கும் மனைக்காரர்களிடம் வாங்கலாமா?

ரொக்கத்தைக் குறைத்து, முடிந்தவரை வங்கி வழியாக வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ரசீது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொடுக்க முடியாத வீட்டுக்காரர் அந்தப் பலகையைத் தாண்டித் தினமும் நடக்க வேண்டியிருக்கும். மொத்த வரவும் மொத்தச் செலவும் வெளிப்படையாக இருந்தால் போதும். வாடகைக்கு இருப்பவர்களிடம் கட்டாயப்படுத்தாதீர்கள், விரும்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 80ஜி பதிவு இல்லாத சங்கம் வரிச்சலுகை ரசீது தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது.

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும் அப்படித்தான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. நம் ஊர்க்காரர்தானே என்று வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். அவர் இந்தியாவில் இருக்கும் தன் அப்பா அம்மாவை அவர்கள் சொந்தப் பணத்தில் சந்தா கட்டச் சொல்லட்டும்.

மனுவை எப்படி எழுதுவது?

ஒரு பக்கம். மிஞ்சினால் ஒன்றரை. "மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்" என்று ஆரம்பிக்க வேண்டாம், படிப்பவருக்கு அது தெரியும். இப்படித் தொடங்கலாம்:

"எங்கள் நகரில் 82 வீடுகளில் சுமார் 330 பேர் வசிக்கிறோம். அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் நகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட 35 சென்ட் இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. இதற்குச் சுற்றுவேலி, ஆழ்துளைக் கிணறு, நடைபாதை, மின்விளக்கு அமைத்துத் தருமாறு கோருகிறோம். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தவும், பணி முடிந்தபின் அன்றாடப் பராமரிப்பை ஏற்கவும் சங்கப் பொதுக்குழுவில் தீர்மானித்திருக்கிறோம்."

கீழே சர்வே எண், லேஅவுட் எண், பத்திர எண். இணைப்பாக வரைபட நகல், தீர்மான நகல், நாலு புகைப்படம், கையெழுத்துப் பட்டியல். கையெழுத்தில் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோர்களும் நிறைய இருக்கட்டும், ஏனென்றால் பூங்காவுக்குத் தினமும் வரப்போவது அவர்கள்தான். மனுவைக் கொடுத்ததும் தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கட்டிய பிறகு பராமரிப்புச் செலவுக்கு என்ன வழி?

இது பணம் கேட்பதைவிடப் பெரிய கேள்வி, இதற்காகச் சங்கம் ஒரு முழுக் கூட்டத்தை ஒதுக்க வேண்டும். திறப்பு விழா அன்று பளபளவென்று இருந்து, இரண்டு கோடையில் காய்ந்துபோன பூங்காக்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மாதாமாதம் வரும் செலவு தோட்டக்காரர் சம்பளம், மின் கட்டணம், மோட்டார் பழுது, பல்பு, துடைப்பம், மண்வெட்டி என்று போகும். இதில் மின் இணைப்பு உள்ளாட்சியின் பெயரில் இருக்கட்டும், கட்டணத்தையும் அவர்களே கட்டட்டும். இதை ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பெரிய பழுதும் வண்ணப்பூச்சும் அவர்களுடையது. திறப்பது, பூட்டுவது, தண்ணீர் விடுவது, பெருக்குவது சங்கத்துடையது. இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் தாங்கும்.

தோட்டக்காரருக்கு நியாயமான சம்பளம் கொடுங்கள். பூங்காவை உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான்.

எங்கள் பணமும் போட்டிருக்கிறோம். வெளித்தெருக்காரர்கள் வராமல் பூட்டிவைக்கலாமா?

கூடாது. இடம் உள்ளாட்சியுடையது, பணத்தில் பெரும்பகுதி எல்லோருடைய வரிப்பணம். இரவில் பூட்டலாம், நாயைக் கூட்டிவருவதற்கும் பந்து விளையாட்டுக்கும் நேரம் வைக்கலாம், குடித்துவிட்டு வருபவரை வெளியேற்றலாம். ஆனால் பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து வரும் பிள்ளையை "நீ எந்தத் தெரு?" என்று கேட்டு ஊஞ்சலிலிருந்து இறக்கிவிடுவதற்கு எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை. வீட்டுக்குள் விளையாட இடமே இல்லாத பிள்ளைக்குத்தான் இந்த ஊஞ்சல் அதிகம் தேவை. அப்படிப் பூட்டிவைக்கும் எண்ணம் இருந்தால் பொதுநிதி கேட்காமல் இருப்பதே நேர்மை.

நாங்கள் கிராம ஊராட்சிப் பகுதியில் இருக்கிறோம். வழிமுறை மாறுமா?

புறநகர் லேஅவுட்கள் பல இன்னும் ஊராட்சியில்தான் இருக்கின்றன. நீங்கள் பார்க்க வேண்டியவர்கள் ஊராட்சித் தலைவர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஒன்றியப் பொறியாளர். நமக்கு நாமே திட்டமும் தொகுதி நிதிகளும் அங்கேயும் உண்டு. கோரிக்கையைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். லேஅவுட்வாசிகள் அந்தப் பக்கமே போவதில்லை என்ற குறை ஊர்க்காரர்களுக்கு உண்டு. பூங்காவுக்காக மட்டும் ஒரு நாள் போய் நிற்காமல், அவர்கள் குடிநீர்ப் பிரச்சினை பேசும்போதும் கூட இருங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

காகிதம் சுத்தமாக இருந்தால் ஒரு நிதியாண்டுக்குள் முதல் கட்டம் முடியலாம். தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதிகள் வந்துவிட்டால் புதிய வேலை எதையும் தொடங்க மாட்டார்கள். ஆகவே தேர்தல் வரப்போகிற ஆண்டில் பணி ஆணையை முன்கூட்டியே வாங்கப் பாருங்கள். மரம் நடுவதை மட்டும் ஒப்பந்ததாரரின் வசதிக்கு விடாமல் மழைக்காலத்தோடு பொருத்துங்கள். ஏப்ரலில் நட்டால் கன்றும் போகும், அதற்கான பணமும் போகும்.

மனுக் கொடுத்து மாதக்கணக்கில் பதிலே இல்லை. அடுத்து என்ன?

புதிதாக இன்னொரு மனு எழுதாதீர்கள், பழைய மனுவைத் துரத்துங்கள். முத்திரை போட்ட நகலை எடுத்துக்கொண்டு, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று பிரிவு எழுத்தரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்றுதான் நின்றிருக்கும், கேட்காததால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியும் நகராவிட்டால் முதலமைச்சரின் உதவி எண் 1100-இல் மனு எண்ணோடு பதிவு செய்யுங்கள். அதன் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், "இன்ன தேதியிட்ட எங்கள் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. போகும்போது இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் படிக்க, ஒருவர் எழுதிக்கொள்ள. எங்கே நின்றது என்று எழுதி எடுத்துவந்தால், அடுத்த பகுதி சபாவில் கவுன்சிலர் முன்னிலையில் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பதிலை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லலாம்.